‘ஆராய்ச்சி’ப் பத்திரிகையும் அதன் ஆசிரியரும்

சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில், கரிசல் நிலத்து உழவர் விதையைக் கையில் வைத்துக்கொண்டு மழையை எதிர்நோக்கியிருந்த நாளொன்றில், நம் கலாசாலை மாணாக்கர் சிலரை உடனழைத்துக்கொண்டு யாம் கயத்தாற்றுக்குச் சென்றோம். கோவிற்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த அவ்வூரைப் பேருந்திலிருந்தவாறே கடந்து சென்றோர் பலர். இறங்கிப் பார்த்தோர் சிலர். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டியக் கட்டபொம்மு, மேஜர் பானர்மன் என்பவரின் ஆணைப்படி 1799-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பெற்றது இவ்வூரிலேயே என்பதை நேயர்கள் அறிவர். அப்புளியமரம் இன்று இல்லை. நடிகர் சிவாஜி கணேசன் 1970-ஆம் ஆண்டில் நிறுவிய சிலையும், பிற்காலத்தில் அரசினர் எழுப்பிய மணிமண்டபமுமே வழிப்போக்கரை இன்று நிறுத்துவன.

சிலையைக் கண்டு திரும்புகையில், சாலையோரத்துக் காப்பிக்கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மோடு பேசத் தொடங்கினார். கட்டபொம்முவின் கதை தெரியுமோ என்று மாணாக்கர் ஒருவர் வினவ, “கதையென்ன, பாட்டாவே படிக்கேன், கேளுங்க தம்பி” என்று கூறி ஏறத்தாழக் கால்மணி நேரம் பாடினார். குரல் தளர்ந்திருந்தது, நினைவு தளரவில்லை. அவர் பாடியபடி கட்டபொம்மு சுருக்குக் கயிற்றைப் பிறர் தொட விடாமல் தாமே எடுத்துக் கழுத்திலிட்டுக்கொண்டார். மாணாக்கர் ஒருவர் கையிலிருந்த சிறு அச்சுப் புத்தகத்திலோ பாட்டின் போக்கு வேறாயிருந்தது. சரித்திர வகுப்பு மாணாக்கர் மற்றொருவர், பானர்மன் மறுநாள் எழுதிய கடிதத்தை நினைவூட்டினார். தூக்குமரத்தை நோக்கிச் செல்கையில் கட்டபொம்மு தம் ஊமைத் தம்பியைக் குறித்தே கவலை தெரிவித்தாரென்றும், கோட்டையைக் காத்து அங்கேயே மடியாமல் அதனை விட்டு வெளியேறியதற்கு வருந்தினாரென்றும் அக்கடிதம் கூறுகின்றது. உடனே, “ஐயா, இம்மூன்றில் எதனை நாங்கள் எழுதிக்கொள்வது?” என்று மாணாக்கர் எம்மை வினவினர்.

அவ்வினாவுக்கு அங்கே நின்றபடி விடைகூற எம்மால் இயலவில்லை. எனினும், இத்தகைய வினாக்களையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் நம் நாட்டில், கயத்தாற்றிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையத்தக்க பாளையங்கோட்டையில் வாழ்ந்திருந்தார். நா. வானமாமலை என்பது அவர் பெயர். ‘ஆராய்ச்சி’ என்னும் காலாண்டுப் பத்திரிகையின் ஆசிரியர் அவர். நம் மாணாக்கருள் அவரை அறிந்தோர் இருவர் மூவரே என்பது அன்றைய திரும்பு பயணத்தில் புலனாயிற்று. இக்கட்டுரை எழுந்தது அதனாலேயே.

வானமாமலை 1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7-ஆம் நாள் நாங்குநேரியிற் பிறந்தார். அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள பெருமாளின் திருப்பெயரே அவருக்கும் இடப்பட்டது. தெற்கே அப்பெயர் பூண்டோர் பலராதலின், தலைப்பெழுத்துக்களைச் சேர்த்து ‘நா. வா.’ என்று அழைப்பதே நண்பரிடை வழக்கமாயிற்று. அறிவியல் பயின்று ஆசிரியப் பயிற்சியும் பெற்றுப் பள்ளி ஆசிரியராய் விளங்கினார். பின்னர் அவ்வேலையைத் துறந்து, பாளையங்கோட்டையில் தேர்வுக்குப் படிப்போர்க்கெனத் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்தி, அவ்வருவாயிலேயே வாழ்ந்தார். பொதுவுடைமைக் கொள்கையை இளமையிலேயே மேற்கொண்டவர். அக்கொள்கை அவருடைய எழுத்தனைத்திலும் ஊடுருவி நிற்கின்றது. பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அவர் வகித்தவரல்லர். பகலில் மாணாக்கர்க்குப் பாடம் கற்பித்து, எஞ்சிய பொழுதில் ஆராய்ந்து, அச்சகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் நடந்து பத்திரிகை நடத்திய மனிதர் என்று அவரைக் கருதுவதே பொருந்தும்.

ஆராய்ச்சிப் பத்திரிகை என்பது யாது என்று சிறிது விளக்கல் வேண்டும். ஏனெனில் நம் நாட்டில் பத்திரிகை என்றால் கதையும் துணுக்கும் நிறைந்த வார இதழே பலர் நினைவுக்கு வருகின்றது. ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதுவோர் தாம் கூறும் ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டக் கடமைப்பட்டவர். சான்று ஓலைச்சுவடியாயிருக்கலாம், கல்வெட்டாயிருக்கலாம், ஒரு கிழவியின் வாய்மொழியாகவும் இருக்கலாம். ஆனால் எங்கே, எவரிடம், எந்நிலையிற் கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும். அடுத்த இதழில் வேறொருவர் அதனை மறுக்க உரிமையுடையவர். மறுப்பையும் அதே பத்திரிகையில் வெளியிடுதல் ஆசிரியரின் கடமை. ஆகவே அவருடைய வேலை அழகிய கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிவதன்று. நண்பர் அனுப்பிய கட்டுரையையும், “இவ்விடத்துக்குச் சான்று யாது?” என்று கேட்டுத் திருப்பியனுப்பும் நெஞ்சுரம் வேண்டும். இதனால் நட்பிழந்த ஆசிரியர் உலகில் பலர்.

தமிழுக்கு இத்தகைய பத்திரிகை புதிதன்று. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற, அதன் வெளியீடாகிய ‘செந்தமிழ்’ மறு ஆண்டே தோன்றியது. இரா. இராகவையங்காரும் அவர்க்குப் பின் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியராயிருந்து, ஏட்டிலிருந்த பல நூல்களை அச்சேற்றினர். 1920-களில் ‘செந்தமிழ்ச் செல்வி’யும் கரந்தைச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழி’லும் வந்தன. 1950-களின் தொடக்கத்தில் தனிநாயக அடிகளார், தமிழர் பண்பாட்டைப் பிறநாட்டாருக்கு அறிவித்தற்பொருட்டு ஆங்கிலத்தில் ஒரு காலாண்டிதழை நடத்தினார். இவை யாவும் பெரும்பாலும் ஏட்டிலக்கியத்தையும் புலவர் மரபையும் போற்றியவை. உழவன் பாடும் பாட்டும், சேரி மக்கள் வணங்கும் தெய்வத்தின் கதையும், ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக அவற்றில் இடம்பெற்றது சிறுபான்மையே. ‘ஆராய்ச்சி’ 1969-ஆம் ஆண்டில் தோன்றியபோது இக்குறையே அதன் முதற் காரணமாயிற்று.

இவ்விடத்தில் பிறநாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். விவிலியத்தின் பழைய ஏற்பாடு எழுதப்பெற்ற மொழி என்ற அளவில் எபிரேயத்தை நம்மவர் அறிவர். நூற்றாண்டுகளாக வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்காமல் வழிபாட்டிலும் கல்வியிலும் மட்டுமே நிலவிய அம்மொழியிற் புதுமுறை ஆராய்ச்சி செய்ய முடியுமோ என்ற ஐயம் அம்மக்களிடையேயும் எழுந்ததுண்டு. 1918-ஆம் ஆண்டில் கருங்கடற்கரையிலுள்ள ஒதெஸ்ஸா நகரில் ‘ரெஷூமோத்’ என்னும் எபிரேய வெளியீடு தொடங்கியது. ஆல்டர் துருயானோவ் என்பவர் அதன் ஆசிரியர். கவிஞர் பியாலிக் அவர்க்குத் துணை நின்றார். மக்களின் நினைவுக் குறிப்புக்கள், வழக்கங்கள், கதைகள், பழமொழிகள் ஆகியவற்றைத் திரட்டுதலே அதன் நோக்கம். போரும் குழப்பமும் ஊர்களையே அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பாடுவோர் மறையுமுன் பாட்டை எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களை உந்தியது. பின்னர் எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகம் எழுந்தபின், 1929-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ‘தர்பீத்ஸ்’ என்னும் காலாண்டிதழை யாக்கோபு நாகூம் எப்ஸ்டைன் என்னும் பேராசிரியர் நெடுங்காலம் நடத்தினார். பின்னவர்க்குப் பல்கலைக்கழகம் பின்பலமாயிருந்தது. பாளையங்கோட்டை ஆசிரியர்க்கு அத்தகைய துணை இல்லை. அவர் நிலை ஒதெஸ்ஸாக்காரர் நிலைக்கே பெரிதும் ஒத்தது.

வானமாமலைக்கு அமைந்த துணை வேறு வகையினது. 1960-களின் பிற்பகுதியில் ‘நெல்லை ஆய்வுக் குழு’ என்ற பெயரில் அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. பள்ளி ஆசிரியர், கல்லூரி விரிவுரையாளர், எழுத்தாளர் எனப் பல திறத்தாரும் அதில் இருந்தனர். ஒருவர் கட்டுரை வாசிக்க ஏனையோர் வினாக்கள் தொடுப்பர். அவ்வினாக்களுக்கு விடை தேடித் திருத்தப்பெற்ற கட்டுரைகள் பத்திரிகையில் வெளிவரும். பின்னாளில் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் கல்லூரியிற் பேராசிரியராய் விளங்கி, நாட்டார் வழக்காற்றாய்விற் பெயர் பெற்ற ஆ. சிவசுப்பிரமணியன் இவ்வட்டத்தில் உருவானவரே. பட்டம் பெறும் நோக்கமின்றி ஆராய்ச்சி செய்தவர் அக்குழுவிற் பலர் என்பதை இக்காலத்து மாணாக்கர் நம்புதல் அரிது. இன்று ஆராய்ச்சி என்றால் பட்டமும் பதவி உயர்வும் என்றாகிவிட்டதன்றோ?

பத்திரிகை தொடங்குமுன்னரே அவர் நாட்டுப்பாடற் சேகரிப்பில் ஆழ்ந்திருந்தார். பாடல்களைத் திரட்டும் பணி நம் நாட்டில் ஐரோப்பியர் சிலரால் முன்னரே தொடங்கப்பெற்றது. கோவர் என்பார் 1871-இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958-இல் ‘மலையருவி’ என்னும் பெயரிற் பதிப்பித்தார். வானமாமலை 1960-இல் ஒரு சிறு தொகுப்பும், 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் பெருந்தொகுப்பும் வெளியிட்டார். பின்னதைப் புரட்டுவோர் ஒரு சிறு செய்தியைக் கவனித்தல் வேண்டும். பாடலின் அடியிற் ‘சேகரித்தவர்’ என்று ஒருவர் பெயரும், ‘இடம்’ என்று ஊர் அல்லது வட்டாரத்தின் பெயரும் இருக்கும். பாட்டுக்கு முன் அது எச்சந்தர்ப்பத்தில் யாராற் பாடப்படுவது என்ற முன்னுரை இருக்கும். எஸ். எஸ். போத்தையா என்ற பெயரை அப்பக்கங்களில் மீண்டும் மீண்டும் காணலாம். அவர் விளாத்திகுளம் பக்கத்துத் தங்கம்மாள்புரத்தைச் சார்ந்த பள்ளி ஆசிரியர். நம் கரிசற் காட்டின் பாட்டுக்கள் அச்சேறியதில் அவர் பங்கு பெரிது.

கரிசல் நிலத்தை அறியாதார்க்கு இதன் அருமை விளங்காது. ஆற்றுப்பாசனம் இல்லை, கிணற்று நீரும் பல இடங்களில் உவர்ப்பு. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைத்து, மழை பொய்த்தால் வீடு வீடாகச் சென்று தவசம் வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சி, கொடும்பாவி இழுத்து அழும் நிலம் இது. அவ்வழுகையும் ஒரு பாட்டே. பருத்தி எடுக்கும் பெண்டிர் வெயில் மறக்கப் பாடுவதும், பிள்ளை மடிந்த வீட்டின் ஒப்பாரியும், தாது வருஷப் பஞ்சத்தை நினைந்த கும்மியும் இம்மண்ணின் சரித்திரம். அரசாங்கத்தார் எழுதிய கணக்கேடுகளில் தீர்வையும் விளைச்சலும் உண்டு. பசித்தவன் என்ன நினைத்தான் என்பது அவற்றில் இல்லை. வானமாமலை பாட்டுக்களைச் சான்று என்று கருதியது இதனாலேயே. இதே மண்ணில், கயத்தாற்றுக்கும் கோவிற்பட்டிக்கும் இடைப்பட்ட இடைசெவலைச் சார்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதியை 1982-இல் வெளியிட்டதையும் இங்கே நினைக்கலாம்.

இனி, பதிப்பாசிரியர் என்ற நிலையில் அவர் செய்த பணிக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பொதிய மலைச் சாரலில், பாபநாசத்துக்கு மேலே, சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டன் என்னும் தெய்வம் வழிபடப்பெறுகின்றது. முத்துப்பட்டன் அந்தணர் குலத்திற் பிறந்தவன். உடன்பிறந்தாரை விட்டுப் பிரிந்து வந்தவன். காட்டு வழியிற் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவரைக் கண்டு காதலித்தான். அவர்களுடைய தந்தையாகிய வாலப்பகடை, தன் தொழிலையும் குலத்தையும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே பெண் தருவேன் என்றான். முத்துப்பட்டன் குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைத்து, அவ்வீட்டு மருமகனானான். மணமான அண்மையிலேயே பசுக்களைக் கவர வந்த கள்வரோடு பொருது வஞ்சகத்தால் மாண்டான். மனைவியர் உடன் தீப்புகுந்தனர். வில்லுப்பாட்டாக நெல்லைச் சீமை எங்கும் இக்கதை பாடப்படுகின்றது.

பிரதிகளை ஒப்பிட்ட வானமாமலை ஒரு வேற்றுமையைக் கண்டார். சில பிரதிகளில் அப்பெண்கள் சக்கிலியக் குலத்தில் பிறந்தவரே. வேறு சிலவற்றிலோ அவர்கள் அந்தணர் குழந்தைகளென்றும், காட்டில் விடப்பட்டுக் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தானென்றும் ஒரு கிளைக்கதை சேர்ந்திருக்கின்றது. இச்சேர்க்கை எதன்பொருட்டு என்பதை ஊகித்தல் எளிது. உயர்ந்த குலத்தான் தாழ்த்தப்பட்டார் வீட்டிற் பெண்கொண்டான் என்று பாட எவர்க்கோ மனம் ஒப்பவில்லை. அல்லது அவ்வாறு பாடியவனைக் கேட்போர் விட்டுவைக்கவில்லை. கிளைக்கதையைச் சேர்த்தவுடன், அந்தணன் அந்தணப் பெண்களையே மணந்தான் என்றாகி, பாட்டின் உயிரே போய்விடுகின்றது. குடுமியை அறுத்ததும் செருப்புத் தைத்ததும் பொருளற்றனவாகின்றன. இது பிற்காலத்து இடைச்செருகல் என்று வானமாமலை வாதித்தார். அப்பதிப்பு 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இவ்வாதத்தின் முறை நம் மாணாக்கர் கருதத்தக்கது. எது தமக்கு இனிதோ அதனை ‘மூலம்’ என்று கொள்வது எளிய வழி. சாதி வேற்றுமையை வெறுத்த வானமாமலைக்கு முதற்கதையே இனியது. ஆயின் அவ்விருப்பத்தை மட்டும் அவர் சான்றாகக் காட்டவில்லை. பிரதிகளை வேறு பிரித்துக் காட்டி, கதையின் ஏனைய நிகழ்ச்சிகளோடு எது பொருந்துகின்றது, எது முரணுகின்றது என்று நிறுவினார். ஒருவேளை அவர் முடிவை நாளை வேறொரு பழஞ்சுவடி மாற்றலாம். அப்பொழுதும் அவர் காட்டிய வேற்றுமைகள் பயன்படும். செருகப்பட்ட பகுதிக்கும் தனி மதிப்பு உண்டு என்பதை மறத்தலாகாது. பாட்டுத் தோன்றிய காலத்தைக் காட்டாவிடினும், செருகியவன் காலத்தின் அச்சத்தை அது காட்டுகின்றது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971 முதல் 1974 வரையில் அவர் பதிப்பித்த கதைப்பாடல்கள் பலவற்றை வெளியிட்டது. காத்தவராயன், கான்சாகிபு, ஐவர் ராசாக்கள் ஆகியோர் கதைகளோடு வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடலும் அவற்றில் ஒன்று. இப்பொழுது நாம் கயத்தாற்றுக்கே திரும்பி வந்துவிட்டோம். கான்சாகிபு என்ற யூசுப்கான் 1764-இல் மதுரையிலே தூக்கிலிடப்பட்டவர். கட்டபொம்மு 1799-இல் கயத்தாற்றிலே. இருவரையும் வென்றவர்கள் தம் பக்கத்து நிகழ்ச்சிகளைக் கடிதங்களாகவும் அறிக்கைகளாகவும் எழுதிவைத்தனர். தோற்றவர் பக்கத்தில் எஞ்சியது பாட்டு. ஆதலின், பாட்டைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவோர் ஒரு தரப்பின் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நடுவரை ஒப்பர். அங்ஙனமே, பாட்டில் உள்ளதெல்லாம் நடந்தது என்று கொள்வோரும் தவறுகின்றனர். ஸ்ரீவைகுண்டத்துக் கும்பினி நெற்களஞ்சியத்தைத் தானாபதிப் பிள்ளை கொள்ளையிட்ட செய்தியைக் கதை மறைக்கவில்லை. தம் வீரனுக்கு இழுக்கு வருமே என்று பாடினோர் அஞ்சவில்லை. பின்வந்த மேடைப் பேச்சாளரே அஞ்சினர்.

கட்டபொம்முவை ஒரு சாரார் விடுதலை வீரரென்றும் மற்றொரு சாரார் கொள்ளைக்காரரென்றும் வழக்காடியது நேயர்க்கு நினைவிருக்கலாம். 1959-இல் திரைப்படம் வெளிவந்தபின் அவ்வழக்குச் சூடேறியது. இவ்வழக்கில் பாட்டைச் சாட்சியாக அழைக்கும்முன், அது யாராற் பாடப்பட்டது, எக்காலத்தது, எத்தனை வடிவங்களில் உள்ளது என்று கேட்டாக வேண்டும். பெருங்கூச்சலுக்கிடையே இக்கேள்விகளைப் பொறுமையாகக் கேட்பதற்கும் ஆள் வேண்டியிருந்தது.

அவரிடம் குறை இல்லையோ எனின், உண்டு. எந்தப் பாட்டை எடுத்தாலும் நிலமுடையான் நிலமற்றான் போராட்டத்தை அதில் தேடும் பழக்கம் அவர்க்கு இருந்தது. பாட்டில் அது இருக்குமிடத்து அவர் உரை ஒளிவிடுகின்றது. இல்லாத இடத்தில் கொள்கை பாட்டை முந்திக்கொள்கின்றது. ஒரு தாய் தன் மகவைத் தாலாட்டுவதிற் சமுதாயப் பொருளாதாரத்தைக் காண்பது சில வேளை உண்மையே; எல்லா வேளையும் அன்று என்பது எம் கருத்து. பாடல்களின் இசையைக் குறித்தும் அவர் அதிகம் எழுதவில்லை. அச்சிற் கிடக்கும் வரியைக் காட்டிலும் கயத்தாற்று முதியவரின் இழுப்பும் நிறுத்தமும் பொருள் நிறைந்தவை என்று அன்று எமக்குத் தோன்றியது.

‘ஆராய்ச்சி’ நாட்டுப்பாடலோடு நின்ற பத்திரிகை என்று எண்ணிவிடல் ஆகாது. தத்துவம், தொல்பொருள், மானிடவியல், சமய வரலாறு ஆகியவையும் அதில் இடம் பெற்றன. தமிழ் முருகனும் வடமொழிக் கந்தனும் இணைந்த வரலாறு, மணிமேகலையிற் காணும் பௌத்தம், இந்திய நாத்திகத்தின் கருத்துக்கள் முதலிய பொருள்களில் வானமாமலையே எழுதினார். அதனினும் பெரிய செய்தி, இவையனைத்தும் தமிழிலே எழுதப்பெற்றமை. 1960-களில், கல்லூரியில் அறிவியலையும் பிற கலைகளையும் தமிழிற் கற்பிக்க இயலுமா என்ற விவாதம் நாட்டில் மிகுந்திருந்தது. இயலாது என்றோர் படித்தவர்களே. அப்போது வானமாமலை ‘தமிழில் முடியும்’ என்று பெயரிட்டே ஒரு நூல் வெளியிட்டார். முடியும் என்று ஒருமுறை கூறிவிட்டு ஆங்கிலத்தில் எழுதப் போய்விட்டவர் அல்லர் அவர். மானிடவியலுக்கும் சமூகவியலுக்கும் உரிய புதுச் சொற்கள் தமிழில் இன்னும் நிலைபெறாத அக்காலத்தில், இதழ்தோறும் எழுதியும் எழுதச் செய்தும் அதனை மெய்ப்பித்து வந்தார். ஆங்கிலத்தில் எழுத அறியாதவரும் அல்லர். தமிழ் நாட்டார் இலக்கியத்தைப் பற்றி 1969-இல் ஆங்கிலத்திலேயே அவர் நூல் ஒன்று வெளிவந்தது. பிற்காலத்தில் திராவிட மொழியியற் கழகத்தின் ஆய்வாளராயிருந்து எழுதிய மற்றோர் ஆங்கில நூல் அவர் மறைவுக்குப் பின் 1981-இல் வெளியாயிற்று. எம்மொழியில் எழுதினாலும் ஒருவர் படிக்கத்தான் போகிறார். தங்கம்மாள்புரத்து ஆசிரியர் படிக்க வேண்டுமாயின் எம்மொழியில் எழுதுவது என்பதே அவர் எண்ணமாயிருந்திருத்தல் வேண்டும்.

தனியொருவர் நடத்தும் காலாண்டுப் பத்திரிகை காலாண்டுக்கொருமுறை தவறாது வருவது அரிது. காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறும், சந்தா ஏறுவதில்லை. நம் கலாசாலையின் ஆண்டு மலரையே உரிய திங்களில் வெளியிடுதற்குப் படும் பாட்டை இப்பகுதியின் பொறுப்பேற்ற யாம் நன்கு அறிவோம். அத்தனைக்கும் நமக்குக் கல்லூரியின் பணமும் மாணாக்கர் உழைப்பும் உண்டு. இவை இல்லாமல் ‘ஆராய்ச்சி’யைப் பத்தாண்டுக்கு மேலாக அவர் நடத்தினார். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ஆம் நாள் தம் அறுபத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் தொகுத்த நூல்கள் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. ‘ஆராய்ச்சி’யின் பழைய இதழ்கள் ஒருங்கே கிடைப்பதுதான் அரிது. பழைய மாணவர் எவர் வீட்டுப் பரணிலேனும் அவை கிடக்குமாயின், எடைக்குப் போடாமல் நம் நூல்நிலையத்துக்கு அளிப்பாராக.

கயத்தாற்றிலிருந்து திரும்பிய வாரமே மாணாக்கர் மூவர் மீண்டும் அங்கே சென்று, அம்முதியவர் பாடியதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதி வந்தனர். அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாமென்றும், அவர் வாயில் வந்த சொல்லை வந்தவாறே எழுதுமாறும் சொல்லியனுப்பியிருந்தோம். ஏட்டின் இடப்பக்கத்தில் அவர் பாட்டும், வலப்பக்கத்தில் அச்சுப் புத்தகத்தின் வேறுபாடுகளும், கடைசியிற் பானர்மன் கடிதத்தின் செய்தியும் இருக்கின்றன. ஒன்றை நீக்கி ஒன்றை வைக்கவில்லை. முதலேட்டில் சேகரித்த மாணாக்கர் பெயர்களும், இடம் கயத்தாறு என்பதும், பாடியவர் இதனைத் தம் தாய்மாமனிடம் கேட்டறிந்தார் என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. ஊமைத்துரை 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய பகுதிக்கு வந்தபோது முதியவர்க்கு நான்கைந்து அடிகள் நினைவுக்கு வரவில்லை. அங்கே இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. கயத்தாறு, கடம்பூர், ஒட்டப்பிடாரம் பக்கத்து மாணாக்கர் தம் வீட்டுப் பெரியவர்களிடம் அப்பகுதியைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் ஊரோடும் எழுதித் தமிழ்த் துறையிற் சேர்ப்பிக்கலாம்.